ஜான் காப்

ஜான் ரோட்ஸ் காப் (டிசம்பர் 2, 1899 – செப்டம்பர் 29, 1952) இங்கிலாந்தைச் சேர்ந்த தானுந்துப் பந்தய வீரர் ஆவார். நிலத்தில் மிக விரைவாகச் சென்றவர் என்ற உலக சாதனையை 1938, 1939, 1947 ஆகிய ஆண்டுகளில் மும்முறை நிலைநாட்டியவர். தரையில் மணிக்கு 400 மைல் விரைவை முதன்முதலில் கடந்தவரும் இவரே. இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தின் வெளிச்சுற்றில் 1935 ஆம் ஆண்டு இவர் ஏற்படுத்திய சுற்று சாதனை, அவ்வோடுதளம் மூடப்பட்டுவிட்டதால் இனி எவராலும் முறியடிக்கப்பட இயலாததாக நிலைத்துவிட்டது. நீரில் விரைவு சாதனை படைக்க முயன்றபோது இசுக்காட்லாந்தின் நெஸ் ஏரியில் படகு சிதறி உயிரிழந்தார்.

இளமையும் தொழிலும்

காப் இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் உள்ள ஈஷர் என்னும் ஊரில் வசதியான குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஈட்டன் பள்ளியிலும், பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி ஹால் கல்லூரியிலும் பயின்றார். விலங்குகளின் மென்மயிர்த் தோல்களை வாங்கி விற்கும் தரகுத் தொழிலே இவரது வாழ்வாதாரம். இலண்டனில் இத்தொழிலில் ஈடுபட்டிருந்த நிறுவனம் ஒன்றின் இயக்குநராகவும், பிற்காலத்தில் போக்லாந்து தீவுகள் நிறுவனத்தின் நிருவாகத்திலும் பணியாற்றினார். பந்தயம் இவருக்கு இறுதிவரை ஓய்வுநேர ஈடுபாடாகவே இருந்தது. வார நாட்களில் அலுவலகம், வார இறுதியில் ஓடுதளம் என்பதே இவரது வழக்கம்.

காப் ஆறடிக்கும் மேற்பட்ட உயரமும் அதற்கேற்ற பருமனும் கொண்டவர். கூச்ச இயல்பினர், மிகக் குறைவாகவே பேசுவார். அக்காலப் பந்தய வீரர்களில் பலர் செய்தித்தாள்களில் இடம்பெறுவதை விரும்பியவர்கள். காப் அவ்வாறல்லர். இதனாலேயே இவருடைய சாதனைகளின் அளவோடு ஒப்பிடுகையில் மால்கம் காம்பெல், ஹென்றி சேகிரேவ் ஆகியோரின் பெயர்கள் பொதுமக்களிடையே கூடுதலாக அறியப்பட்டுள்ளன எனலாம்.

புரூக்லேண்ட்ஸ் ஓடுதளம்

காபின் வாழ்வைப் புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்திலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. அவர் பிறந்த ஈஷருக்குச் சில மைல் தொலைவில், வேய்பிரிட்ஜ் என்னுமிடத்தில் அது அமைந்திருந்தது. 1907 ஜூன் 17 அன்று அது திறக்கப்பட்டபோது காபுக்கு வயது ஏழு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியச் சாலைகளில் மணிக்கு 20 மைலுக்கு மேல் செல்லத் தடை இருந்தது. பிரான்சு, இத்தாலி போன்ற நாடுகளில் பொதுச் சாலைகளிலேயே பந்தயங்கள் நடைபெற்றன. பிரித்தானியத் தொழிற்சாலைகளுக்கோ தாம் உருவாக்கிய வண்டியை முழு விரைவில் ஓட்டிச் சோதிக்கவும் இடமில்லை. இக்குறையைப் போக்க ஹியூ லாக் கிங் என்னும் நிலக்கிழார் தமது சொந்த நிலத்தில், சொந்தச் செலவில் ஓடுதளம் ஒன்றைக் கட்ட முன்வந்தார். கேபல் ஹோல்டன் என்னும் இராணுவப் பொறியியலாளர் அதனை வடிவமைத்தார். ஏறத்தாழ 150,000 பவுண்டுகள் செலவாகின. இத்தொகை லாக் கிங்கை நொடித்துப்போகும் நிலைக்குக் கொண்டுசென்றது. அவருடைய மனைவி எதெல் நிருவாகப் பொறுப்பை ஏற்றுத் தம் குடும்பத்தாரின் உதவியுடன் கட்டுமானத்தை நிறைவு செய்தார். திறப்பு நாளன்று அணிவகுப்பின் முதல் வண்டியை ஓட்டியவரும் அவரே. தானுந்துப் பந்தயத்திற்கென்றே கட்டப்பட்ட உலகின் முதல் ஓடுதளம் இதுவாகும்.

வெளிச்சுற்றின் நீளம் 2.767 மைல் (4.45 கிமீ), அகலம் 100 அடி. இரு பெரும் வளைவுகளில் ஓடுதளத்தின் வெளிப்புறம் ஏறத்தாழ 30 அடி உயரத்திற்கு உயர்த்திக் கட்டப்பட்டிருந்தது. இதனைச் சாய்கரை எனலாம். இதன் குறுக்குவெட்டு நேர்கோடாக இல்லாமல், ஒரு கிண்ணத்தின் உட்புறத்தைப் போல மேலே செல்லச் செல்லச் செங்குத்தாகும். மெதுவாகச் செல்லும் வண்டி அடிப்பகுதியிலும், விரைவாகச் செல்லும் வண்டி மேல்விளிம்பருகிலும் செல்லும். குறிப்பிட்ட உயரத்திற்கு ஏற்ற விரைவில் சென்றால், சுக்கானைத் திருப்பாமலேயே வண்டி வளைவைக் கடந்துவிடும். அந்த விரைவை மீறும்போதுதான் ஓட்டுநருக்கு வேலை தொடங்குகிறது.

செங்குத்தான சரிவில் தார்ப் பரப்பு அமைப்பது அன்றைய நிலையில் எளிதன்று. எனவே ஓடுதளம் முழுவதும் கற்காரையால் (கான்கிரீட்) அமைக்கப்பட்டது. காலப்போக்கில் அடித்தள மண் ஆங்காங்கே இறங்கவே, கற்காரைப் பாளங்கள் விரிசலுற்று மேடுபள்ளங்களாயின. இவற்றுள் பெயர்பெற்றது வேய் ஆற்றைக் கடக்கும் இடத்திலிருந்த மேடு. ஆற்றின்மீது வலுவூட்டப்பட்ட கற்காரைப் பாலம் ஒன்றின் மேல் ஓடுதளம் சென்றது. பாலம் அசையாமல் நிற்க, அதனை அடுத்திருந்த மண்ணே இறங்கியது. இதனால் விரைவாகச் செல்லும் வண்டிகள் அவ்விடத்தில் தரையை விட்டு எழும்பிப் பறந்து மீண்டும் விழுந்தன. ஒளிப்படக்காரர்கள் பெரும்பாலும் அங்கேயே காத்திருப்பர். புரூக்லேண்ட்சின் மிகவும் அறியப்பட்ட படங்கள் அம்மேட்டில் எடுக்கப்பட்டவையே.

பந்தய நடைமுறைகள் குதிரைப் பந்தயத்திலிருந்து கடன் வாங்கப்பட்டவை. தொடக்க காலத்தில் ஓட்டுநர்கள் எண்களுக்குப் பதிலாகக் குதிரையோட்டிகளைப் போல வண்ண மேலாடைகளையே அடையாளமாக அணிந்தனர். மெதுவான வண்டிகள் முதலிலும் விரைவான வண்டிகள் இறுதியிலும் புறப்படும் ஈட்டு முறையில் பெரும்பாலான பந்தயங்கள் நடத்தப்பட்டன. மிகப்பெரிய வண்டிகளை விரும்பிய காப் பெரும்பாலும் கடைசியாகப் புறப்பட்டு, முன்னால் சென்ற அனைவரையும் ஒவ்வொருவராகக் கடக்க வேண்டியிருந்தது.

இத்தளம் ஆபத்தானதும்கூட. 1913 பெப்ரவரியில் ஒரு மணி நேரத்தில் 100 மைலுக்கு மேல் சென்ற முதல் மனிதரான பெர்சி லாம்பர்ட், அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் இங்கேயே உருளிப்பட்டை (டயர்) வெடித்து இறந்தார். 1932 ஆம் ஆண்டின் 500 மைல் பந்தயத்தில் கிளைவ் டன்ஃபி என்பவர் ஓட்டிய பென்ட்லி வண்டி சாய்கரையின் மேல்விளிம்பைத் தாண்டி வெளியே பாய்ந்ததில் அவர் உயிரிழந்தார். மேல்விளிம்பில் தடுப்புச் சுவர் ஏதும் இருக்கவில்லை.

பந்தய வீரராக

காப் 1925 ஆம் ஆண்டு புரூக்லேண்ட்சில் பந்தயங்களில் ஈடுபடத் தொடங்கினார். அவர் முதலில் ஓட்டியது 1911 ஆம் ஆண்டைச் சேர்ந்த 10 லிட்டர் ஃபியட் வண்டி. பதினான்கு ஆண்டுகள் பழமையான அதனைக் கொண்டே அவ்வாண்டிலேயே வெற்றியும் பெற்றார். அக்காலத்தில் ஓடுதளத்தின் தலைசிறந்த வீரராகவும் பொறியியலாளராகவும் விளங்கியவர் பாரி தாமஸ். ஓடுதள வளாகத்தினுள்ளேயே குடியிருந்து, அங்கேயே பட்டறை நடத்தி வந்தவர். அவர் 1927 மார்ச் 3 அன்று வேல்சின் பென்டைன் கடற்கரையில் நிலவேக சாதனை முயற்சியின்போது இறந்தார். அவருடைய பட்டறை பின்னர் தாம்சன் அண்ட் டெய்லர் என்ற பெயரில் தொடர்ந்து இயங்கியது. பாரி தாமசிடம் பணியாற்றிய ரீட் ரெயில்டன் என்ற இளம் பொறியியலாளர் அங்கு தலைமை வடிவமைப்பாளரானார். காபின் பிற்கால வெற்றிகள் அனைத்திலும் ரெயில்டனுக்குப் பங்குண்டு. இறுதிப் படகும் அவர் எண்ணத்தில் உருவானதே.

காப் அடுத்து வாங்கியது 10.5 லிட்டர் கொள்ளளவும் 12 உருளைகளும் (சிலிண்டர்) கொண்ட டெலாஜ் வண்டி. இது 1924 இல் பிரான்சில் நிலவேக உலக சாதனை படைத்த வண்டியாகும். இதனைக் கொண்டு 1929 இல் வெளிச்சுற்றைச் சராசரி மணிக்கு 132.11 மைல் (212.6 கிமீ) விரைவில் சுற்றிச் சாதனை படைத்தார். அடுத்த ஆண்டே கே டான் என்பவர் சன்பீம் வண்டியில் அதனை 137.58 மைலாக உயர்த்தினார். 1932 இல் ஹென்றி பர்கின் மிகையூட்டி பொருத்திய பென்ட்லியில் 137.96 மைலை எட்டினார்.

அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள் பர்கினுக்கும் காபுக்கும் இடையே மூன்று சுற்றுகள் கொண்ட நேரடிப் போட்டி ஒன்று ஏற்பாடு செய்யப்பட்டது. முதல் இரு சுற்றுகளிலும் காபின் டெலாஜ் முன்னிலை வகித்தது. இறுதிச் சுற்றில் பர்கின் நெருங்கிவந்து, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளியில் வென்றார். காப் அதே 1932 இல் பிரித்தானியப் பேரரசுக் கிண்ணப் பந்தயத்தில் வெற்றி பெற்றார். அதில் இரண்டாவதாக வந்த ஜார்ஜ் ஐஸ்டன், தம்மைக் காப் வழிமறித்ததாக முறையீடு செய்தார். மேல்முறையீட்டிற்குப் பிறகு வெற்றி காபுக்கே உரியது எனத் தீர்ப்பானது. இவ்விருவரும் பின்னாளில் உலக சாதனைக்காக மீண்டும் எதிரெதிரே நிற்க நேர்ந்தது.

காபிடமிருந்து கைமாறிய டெலாஜ் வண்டியைப் பின்னர் கே பெட்ரே என்னும் பெண் ஓட்டுநர் 1935 இல் ஓட்டி, மணிக்கு 134.75 மைல் விரைவில் சுற்றினார். ஐந்தடிக்கும் குறைவான உயரம் கொண்ட அவர் மிதிகளை எட்டுவதற்காக வண்டியில் மாற்றங்கள் செய்யப்பட்டன. முன்பு அவ்விருக்கையில் அமர்ந்திருந்தவர் காப் என்பதை நினைத்தால் இது புரியும்.

நேப்பியர்-ரெயில்டன்

டெலாஜின் எல்லை எட்டப்பட்டுவிட்டதை உணர்ந்த காப், முற்றிலும் புதிய வண்டி ஒன்றை வடிவமைக்குமாறு ரெயில்டனைக் கேட்டுக்கொண்டார். தாம்சன் அண்ட் டெய்லர் பட்டறையில் உருவான இவ்வண்டி 1933 இல் நிறைவு பெற்றது. நேப்பியர்-ரெயில்டன் எனப் பெயர்பெற்ற இதில் நேப்பியர் லயன் என்னும் வானூர்திப் பொறி பொருத்தப்பட்டிருந்தது. இப்பொறியில் நான்கு உருளைகள் கொண்ட மூன்று வரிசைகள் அம்புமுனை போல விரிந்திருக்கும். மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 24 லிட்டர், திறன் 500 குதிரைத்திறனுக்கும் மேல். ஒரு கேலன் எரிபொருளுக்கு ஏறத்தாழ 5 மைல் சென்றது.

இவ்வண்டியில் முன்சக்கரங்களுக்குத் தடுப்பிகள் (பிரேக்) கிடையா. இன்றைய நோக்கில் இது பெருங்குறையாகத் தோன்றலாம். ஆனால் புரூக்லேண்ட்ஸ் வெளிச்சுற்றில் தடுப்பியைப் பயன்படுத்த வேண்டிய தேவையே அரிது. சுற்று முழுவதும் பொறியை ஏறத்தாழ முழுத் திறனில் இயக்குவதே அங்கு முறை. உண்மையான சிக்கல் உருளிப்பட்டைகளில் இருந்தது. இரு டன் எடையுள்ள வண்டி மேட்டில் பறந்து கற்காரையில் விழும்போது அவை தாங்குமா என்பதை எவராலும் உறுதியாகக் கூற முடியவில்லை. விரைவின் எல்லையை முடிவு செய்தது பொறியன்று, உருளிப்பட்டையே.

1934 இல் காப் முதலில் 139.71 மைல், பின்னர் 140.93 மைல் எனச் சுற்று சாதனையை உயர்த்தினார். 1935 ஆகஸ்டில் ஆலிவர் பெர்ட்ரம் என்பவர் பர்னாட்டோ-ஹாசன் வண்டியில் 142.60 மைல் விரைவை எட்டி அதனைக் கைப்பற்றினார். இதற்கு விடையாக 1935 அக்டோபர் 7 அன்று காப் மீண்டும் களமிறங்கினார். அன்று அவர் வெளிச்சுற்றை 70 நொடிகளுக்கும் குறைவான நேரத்தில், சராசரி மணிக்கு 143.44 மைல் (230.8 கிமீ) விரைவில் சுற்றி முடித்தார். அதன் பின் ஓடுதளம் மூடப்படும்வரை இருந்த நான்கு ஆண்டுகளில் எவரும் அதனை மிஞ்சவில்லை. காபுக்குப் போட்டியாளராக இருந்த அதே பெர்ட்ரம் பின்னர் அவருடைய இணை ஓட்டுநரானார். இருவரும் சேர்ந்து 1937 ஆம் ஆண்டின் '500' பந்தயத்தைச் சராசரி 127.05 மைல் விரைவில் வென்றனர். அதற்கு முன் 1935 இல் டிம் ரோஸ்-ரிச்சர்ட்சுடன் இணைந்து அதே பந்தயத்தில் காப் வென்றிருந்தார்.

நெடுநேர சாதனைகளுக்குப் புரூக்லேண்ட்ஸ் ஏற்றதாக இல்லை. ஓடுதளத்தைச் சுற்றிக் குடியிருந்தோர் இரைச்சல் குறித்து வழக்குத் தொடுத்ததன் விளைவாக, இரவு நேர ஓட்டங்கள் தடைசெய்யப்பட்டதுடன், ஒலிகுறைப்பான் பொருத்துவதும் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. எனவே காப் பிரான்சின் மோன்லேரி ஓடுதளத்திற்கும், பின்னர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பான்வில் உப்புவெளிக்கும் வண்டியைக் கொண்டு சென்றார். 1936 இல் பான்வில்லில் காபும் துணை ஓட்டுநர்களும் 24 மணி நேரத்திற்குச் சராசரி மணிக்கு 150 மைலுக்கும் மேற்பட்ட விரைவை எட்டினர். 1933 முதல் 1937 வரை இவ்வொரே வண்டி 47 உலக சாதனைகளை நிகழ்த்தியது.

நிலவேக உலக சாதனைகள்

நிலவேக சாதனைக்கு ஒரே பாதையில் இரு திசைகளிலும், ஒரு மணி நேரத்திற்குள் ஓட வேண்டும். இரண்டின் சராசரியே கணக்கில் கொள்ளப்படும். காற்றின் உதவியால் ஒரு திசையில் மட்டும் பெறும் விரைவு ஏற்கப்படாது. இவ்விதி காபின் வாழ்வில் இருமுறை முதன்மை பெற்றது.

ஐஸ்டன் 1937 இல் தண்டர்போல்ட் என்னும் ஏழு டன் வண்டியைக் கொண்டு இச்சாதனையைக் கைப்பற்றினார். அதற்கு முற்றிலும் மாறான அணுகுமுறையை ரெயில்டன் மேற்கொண்டார். புதிய, கூடுதல் திறனுள்ள பொறிகளுக்குப் பணமில்லாத நிலையில், முன்பு விரைவுப் படகு ஒன்றில் பயன்பட்ட இரு பழைய நேப்பியர் லயன் பொறிகளைக் கொண்டே அவர் வண்டியை வடிவமைத்தார். வண்டியின் எடை மூன்று டன்னைச் சற்றே மிஞ்சியது. முதுகெலும்பு போன்ற ஒற்றைச் சட்டம் 'எஸ்' வடிவில் வளைந்து செல்ல, அதன் இருபுறமும் பொறிகள் பொருத்தப்பட்டன. ஒன்று முன்சக்கரங்களையும் மற்றொன்று பின்சக்கரங்களையும் இயக்கியது. காற்றுத் தடையைக் குறைப்பதற்காக வெப்பந்தணிப்பான் (ரேடியேட்டர்) அறவே தவிர்க்கப்பட்டு, பனிக்கட்டி நிரப்பிய தொட்டி வைக்கப்பட்டது. ஓட்டம் சில நிமிடங்களே நீடிப்பதால் அப்பனிக்கட்டியே போதுமானதாயிருந்தது. ஓட்டுநர் முன் அச்சுக்கும் முன்னால், மூக்குப் பகுதியில் அமர்ந்தார். மேலுறை முழுவதும் ஒரே அலுமினிய ஓடாக இருந்தது. காப் உள்ளே அமர்ந்த பின்னரே அது அவர்மேல் கவிழ்த்து மூடப்பட்டது. ரெயில்டன் ஸ்பெஷல் எனப்பட்ட இவ்வண்டியும் புரூக்லேண்ட்ஸ் பட்டறையில் கட்டப்பட்டதே.

1938 ஆகஸ்டு 27 அன்று ஐஸ்டன் மணிக்கு 345.50 மைல் விரைவை எட்டினார். செப்டம்பர் 15 அன்று காப் 350.20 மைல் (563.6 கிமீ) விரைவில் சென்று அதனை முறியடித்தார். சாதனை காபிடம் ஒரு நாள் மட்டுமே இருந்தது. மறுநாளே, அதே உப்புவெளியில், ஐஸ்டன் 357.50 மைலை எட்டினார். இருவரிடையே இதனால் பகைமை ஏற்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்த ஆண்டு ஐஸ்டன் போட்டியிடவில்லை. 1939 ஆகஸ்டு 23 அன்று காப் 369.70 மைல் (595 கிமீ) விரைவில் சாதனையை மீட்டார். செருமனியும் சோவியத் ஒன்றியமும் ஆக்கிரமிப்பின்மை உடன்படிக்கையில் கையொப்பமிட்டதும் அதே நாளில்தான். பதினொரு நாட்களில் பிரித்தானியா போரில் இறங்கியது. அச்சூழலில் இச்செய்தி உரிய கவனத்தைப் பெறவில்லை.

போரும் ஓடுதளத்தின் முடிவும்

இரண்டாம் உலகப் போரின்போது காப் அரச வான்படையில் பணியாற்றினார். 1943 முதல் 1945 வரை வான் போக்குவரத்துத் துணைப்படையில் சேர்ந்து, தொழிற்சாலைகளிலிருந்து போர் வானூர்திகளைப் படைத்தளங்களுக்கு ஓட்டிச் சென்று ஒப்படைக்கும் பணியைச் செய்தார்.

புரூக்லேண்ட்சில் இறுதிப் பந்தயங்கள் 1939 ஆகஸ்டு 7 அன்று நடைபெற்றன. அவையே இறுதி என்பதை அன்று வந்திருந்தவர்கள் அறிந்திருக்கவில்லை. ஓடுதளத்தின் நடுவே இருந்த வானூர்தித் திடலில் விக்கர்ஸ், ஹாக்கர் நிறுவனங்களின் பட்டறைகள் ஏற்கனவே இயங்கிவந்தன. ஹரிக்கேன் போர் வானூர்தியின் முதல் மாதிரி 1935 நவம்பர் 6 அன்று, அதாவது காபின் சுற்று சாதனைக்குச் சரியாக 30 நாட்கள் கழித்து, இங்கிருந்தே பறந்தது. போர் தொடங்கியதும் இடம் முழுவதும் வானூர்தி உற்பத்திக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. ஓடுதளத்தின் மேலேயே கொட்டகைகள் எழுந்தன. பகை வானூர்திகளின் பார்வையிலிருந்து மறைப்பதற்காகக் கற்காரையைத் துளைத்து மரங்கள் நடப்பட்டன. போக்குவரத்து வசதிக்காகச் சாய்கரையின் ஒரு பகுதி வெட்டித் திறக்கப்பட்டது. 1940 செப்டம்பர் 4 அன்று விக்கர்ஸ் தொழிற்சாலைமீது நடந்த குண்டுவீச்சில் 80 க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

போருக்குப் பின் ஓடுதளத்தைச் சீரமைக்க ஆகும் செலவு அதன் உரிமையாளர்களால் தாங்கக்கூடியதாக இல்லை. 1946 சனவரியில் அவர்கள் அதனை 330,000 பவுண்டுகளுக்கு விக்கர்ஸ் நிறுவனத்திடம் விற்றனர். பந்தய ஆர்வலர்கள் பலர் இவ்விற்பனையை எதிர்த்தனர், பயனில்லை. இதன் வழியே காபின் 143.44 மைல் நிலையான சாதனையாயிற்று.

400 மைல்

1947 இல் காப் மீண்டும் பான்வில் சென்றார். எண்ணெய் நிறுவனம் ஒன்றின் ஆதரவுடன் வண்டி செப்பனிடப்பட்டு, ரெயில்டன் மொபில் ஸ்பெஷல் எனப் பெயர் மாற்றப்பட்டிருந்தது. செப்டம்பர் 16 அன்று ஒரு திசையில் மணிக்கு 385.6 மைலும், எதிர்த்திசையில் 403.1 மைலும் (648.8 கிமீ) எட்டினார். சராசரி 394.19 மைல் (634.4 கிமீ). ஒரு திசையில் 400 ஐக் கடந்தபோதிலும் இருவழி விதியால் அதிகாரமுறை சாதனை அவ்வெண்ணுக்குச் சற்றுக் கீழேயே நின்றது. எனினும் இது ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் அசைக்கப்படாமல் இருந்தது. 1963 இல் கிரெய்க் பிரீட்லவ் தாரைப்பொறி பொருத்திய வண்டியில் இதனைக் கடந்தார். சக்கரங்கள் வழியே இயக்கப்படும் வண்டியில் இதனை மிஞ்சியவர் டொனால்ட் காம்பெல் (1964). இச்சாதனைக்காகக் காபுக்கு அவ்வாண்டின் சேகிரேவ் விருது வழங்கப்பட்டது.

அதே ஆண்டில் தமது 47 ஆம் வயதில் காப் எலிசபெத் என்பவரை மணந்தார். அவர் சிறுநீரக நோயால் 1948 இல் மறைந்தார். காப் 1950 இல் வேரா என்பவரை மறுமணம் செய்துகொண்டார்.

நெஸ் ஏரி

நீரில் விரைவு உலக சாதனை நெடுங்காலம் பிரித்தானியர் வசம் இருந்தது. 1950 இல் அமெரிக்கரான ஸ்டான்லி சேயர்ஸ் அதனைக் கைப்பற்றி, 1952 ஜூலையில் மணிக்கு 178.497 மைலாக (287.3 கிமீ) உயர்த்தினார். இதனை மீட்கும் முயற்சியில் காப் இறங்கினார். குருசேடர் எனப் பெயரிடப்பட்ட படகை ரெயில்டனின் கருத்தின் அடிப்படையில் போர்ட்ஸ்மத்தில் உள்ள வோஸ்பர் நிறுவனம் கட்டியது. பீட்டர் டு கேன் கட்டுமானப் பொறுப்பை ஏற்றார். டி ஹாவிலண்ட் கோஸ்ட் என்னும் தாரைப்பொறி இதில் பொருத்தப்பட்டது. வழக்கமான பந்தயப் படகுகளில் முன்னால் இரு மிதவைத் தளங்களும் பின்னால் ஒன்றும் இருக்கும். குருசேடரில் இது தலைகீழாக்கப்பட்டு, முன்னால் ஒன்றும் பின்னால் பக்கவாட்டில் இரண்டும் அமைந்தன.

முயற்சிக்கான இடமாக நீண்டு நேராக உள்ள நெஸ் ஏரி தேர்ந்தெடுக்கப்பட்டது. 1952 செப்டம்பரில் சோதனை ஓட்டங்கள் நடைபெற்றன. அப்பகுதி மக்கள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வைக் கண்டிப்பாகப் பின்பற்றுபவர்கள். அதனை மதித்துக் காப் ஞாயிறுகளில் படகை இயக்குவதில்லை. செப்டம்பர் 28 ஞாயிறு அன்று ஏரி அமைதியாக இருந்தும் குழுவினர் காத்திருந்தனர்.

மறுநாள் திங்கட்கிழமை நண்பகலுக்குச் சற்று முன் காப் அளவிடப்பட்ட மைல் தொலைவில் படகைச் செலுத்தினார். அத்தொலைவில் அவரது சராசரி விரைவு மணிக்கு 206.89 மைல் (333 கிமீ). நீரில் 200 மைலை அதற்கு முன் எவரும் கடந்ததில்லை. ஓட்டத்தின்போது படகு அலைகளில் பட்டுக் குதித்து, முன்பகுதி நீருக்குள் பாய, நொடிப்பொழுதில் சிதறியது. வெளியே வீசப்பட்ட காப் உயிருடன் மீட்கப்படவில்லை. கரையில் அவருடைய மனைவி வேராவும் இருந்தார். எதிர்த்திசை ஓட்டம் நடைபெறாததால் இவ்விரைவு சாதனையாக ஏற்கப்படவில்லை. அதிகாரமுறையாக 200 மைலைக் கடந்த முதல் சாதனை 1955 இல் டொனால்ட் காம்பெல்லால் ஏற்படுத்தப்பட்டது.

துணைப் படகு ஒன்று எழுப்பிய அலைகளே விபத்துக்குக் காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. பிற்காலத்தில் விபத்தின் திரைப்படச் சுருளை ஆராய்ந்தவர்கள், முன் மிதவைத் தளத்தின் கட்டமைப்பு வலுவிழந்து உடைந்ததையே முதன்மைக் காரணமாகக் கொள்கின்றனர். இவ்வாறாயின் அலை ஒரு தூண்டுதல் மட்டுமே. படகின் சிதைவுகள் ஏரியின் அடியில், ஏறத்தாழ 200 மீட்டர் ஆழத்தில், 2002 இல் கண்டறியப்பட்டன.

நினைவுகள்

காபின் உடல் அவர் பிறந்த ஈஷரில் அடக்கம் செய்யப்பட்டது. வீரச் செயலுக்கான அரசியின் பாராட்டு அவருடைய மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. நெஸ் ஏரியின் கரையோரச் சாலையில், கிளென் அர்க்காட் பகுதி மக்கள் தாமே அவருக்குக் கல்லால் நினைவுச்சின்னம் எழுப்பினர். கெல்டியக் கலை ஆய்வாளரான ஜார்ஜ் பெய்ன் அதனை வடிவமைத்தார். சில வாரங்களே தம்மிடையே தங்கியிருந்த ஒருவருக்கு அவ்வூர் மக்கள் இதனைச் செய்தனர்.

ரெயில்டன் ஸ்பெஷல் வண்டி பர்மிங்காம் நகரின் அறிவியல் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. நேப்பியர்-ரெயில்டனின் பிற்கால வரலாறு சற்று விந்தையானது. போருக்குப் பின் அது திரைப்படம் ஒன்றில் இடம்பெற்றது. அதன்பின் வான்குடை நிறுவனம் ஒன்று, வானூர்திகளை நிறுத்த உதவும் வான்குடைகளைச் சோதிக்க அதனைப் பயன்படுத்தியது. தடுப்பிகள் குறைவான அவ்வண்டி பிறவற்றை நிறுத்தும் கருவியைச் சோதிக்கப் பயன்பட்டது ஒரு முரண்தான். 1991 இல் ஓடுதளத்தின் எஞ்சிய பகுதியில் புரூக்லேண்ட்ஸ் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. 1997 இல் நேப்பியர்-ரெயில்டன் அங்கு வந்து சேர்ந்தது. வேய் ஆற்றின் மேலிருந்த பாலம் பின்னாளில் அகற்றப்பட்டுவிட்டதால், காபின் வண்டி பறந்த அந்த மேடு இன்று இல்லை. சாய்கரையின் ஒரு நீண்ட பகுதி மட்டும் மரங்களிடையே எஞ்சி நிற்கிறது. அருங்காட்சியகத்தினர் அவ்வப்போது நேப்பியர்-ரெயில்டனை வெளியே கொணர்ந்து அதன் பொறியை இயக்கிக் காட்டுவதுண்டு.